நாய்க்கு ஒரு நீச்சல் குட்டை: ஏறும் வழியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டு உளுந்து ஒரு கறுப்பு லாப்ரடார். வயது 6, எடை 30 கிலோ. பங்குனி வெயில் ஏறியதும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். மாடு நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கோடை பொறுத்துப் பார்த்துவிட்டு, கொல்லையில் அவனுக்கென்றே ஒரு குட்டை வெட்டினேன். முதலில் வெட்டியது சொதப்பல். இரண்டாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் கற்றதைச் சேர்த்துத்தான் இந்தச் செய்முறை.

கிணற்றில் விழுந்த நாயைப் பார்த்திருப்பீர்கள். நீச்சல் தெரியாமல் அது சாவதில்லை. நன்றாகவே நீந்தும். சுற்றிச் சுற்றி வந்து சுவரைப் பிறாண்டி, ஏற வழியில்லாமல் களைத்துத்தான் மூழ்கும். நான் முதலில் வெட்டிய குட்டையும் சின்னக் கிணறு மாதிரிதான் இருந்தது: நாலு பக்கமும் செங்குத்து, உள்ளே வழுவழுப்பான தார்ப்பாய். உளுந்து சந்தோஷமாகக் குதித்தான். வெளியே வர முடியவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் ஏற்றினேன். அந்தப் பத்து நிமிடப் போராட்டத்தில் அவன் நகம் தார்ப்பாயை நாலு இடத்தில் கிழித்திருந்தது. மறுநாள் காலையில் குட்டையில் சேறுதான் மிச்சம்.

அதனால் வரைபடம் போடும்போது முதல் கோடு நாய் ஏறி வரும் சரிவுக்குத்தான்.

இடம்

செப்டிக் டேங்க் பக்கம் வேண்டாம். தென்னைக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். மட்டையும் காயும் விழும். மூங்கில், பூவரசு பக்கத்தில் இருந்தால் குட்டைக்குள் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வேர் துளைத்துக்கொண்டு வந்துவிடும். வேம்பும் முருங்கையும் சருகு கொட்டியே தண்ணீரைக் கஷாயமாக்கும். மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழுகிற இடம் கிடைத்தால் நல்லது. நாள் முழுக்க வெயில் அடித்தால் பாசி சீக்கிரம் பிடிக்கும்.

மழைத் தண்ணீர் ஓடிச் சேருகிற பள்ளத்தில் தோண்டாதீர்கள். மாட்டுக் கொட்டகைக் கழிவு, எலிச் சிறுநீர் எல்லாம் அதோடு வந்துவிடும். இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

அளவு

என் குட்டை 16 அடி நீளம், 9 அடி அகலம், ஆழம் 3 அடி. லாப்ரடார் தோள்வரை ஏறத்தாழ 2 அடி உயரம்தான், எனவே 3 அடி தண்ணீரில் கால் தரையில் படாது. அதற்கு மேல் ஆழப்படுத்தினால் நாய்க்கு ஒரு லாபமும் இல்லை, வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்துதான் கூடும்.

16 அடி நீளத்தில் 9 அடி சரிவுக்கே போய்விடும். 3 அடி போனால் 1 அடி இறங்குகிற வாட்டம். இடம் இருந்தால் 4 அடிக்கு 1 அடி வையுங்கள், வயதான நாய்க்கு அதுதான் சுகம். மீதி 7 அடிதான் முழு ஆழம். அந்த ஆழமான பக்கத்துச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு 1 அடி கீழே, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணை விடுங்கள். நாய்க்குப் பதற்றம் வந்தால் சரிவு எந்தப் பக்கம் என்று யோசிக்காது, கண்ணெதிரே தெரிகிற கரையைத்தான் பிறாண்டும். அந்த நேரத்தில் கால் வைக்க ஓர் இடம் வேண்டும்.

தோண்டுதல்

சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு நாளில் முடித்தார்கள். செம்மண், அதனால் எளிது. "நாய்க்குக் குளமாங்க? மனுசன் குளிக்கவே தண்ணியக் காணோம்" என்றார் பெரியவர். அவர் சொன்னது சரிதான். அதற்குப் பதிலாகத்தான் குட்டைத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பியிருக்கிறேன், அதுவும் பின்னால் வருகிறது.

தோண்டிய மண்ணைச் சுற்றிலும் அரை அடி வரப்பாகப் போட்டு மிதித்துவிடுங்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராது. பிறகு நாலு மூலையிலும் முளை அடித்து டியூப் மட்டம் பாருங்கள்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூபின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அதை வைத்து முளைகளில் குறித்துக்கொள்ளலாம். தண்ணீர் நிரம்பியதும் ஒரு கரை மேலேயும் ஒரு கரை கீழேயும் தெரிந்தால் தினமும் கண்ணை உறுத்தும், தாழ்ந்த பக்கம் வழிந்துகொண்டே இருக்கும். மேஸ்திரி இல்லாமலே இரண்டு பேர் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். டியூபில் காற்றுக்குமிழி நிற்கக்கூடாது, அது மட்டும் கவனம்.

கரிசல் மண்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அரை அடி கூடுதலாகத் தோண்டி, கிராவல் மண் போட்டுக் கெட்டிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஷீட்

பண்ணைக் குட்டைக்குப் போடுகிற 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கனமுள்ள எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்கள். சதுர மீட்டர் கணக்கில் விற்பார்கள், கேட்கிற அளவுக்கு ஒட்டியும் தருவார்கள். லாரி தார்ப்பாய் வேண்டாம். பட்ஜெட் இருந்தால் ஈபிடிஎம் ரப்பர் ஷீட் இன்னும் நன்றாக வளைந்து படியும்.

கணக்கு இதுதான்: நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டுங்கள், கரையில் புதைக்க இரு பக்கமும் ஒன்றரை அடி சேருங்கள். எனக்கு நீளம் 16 + 6 + 3 = 25 அடி, அகலம் 9 + 6 + 3 = 18 அடி. 450 சதுர அடி, அதாவது 42 சதுர மீட்டர் சுமார்.

ஷீட்டுக்கு அடியில் மெத்தை வேண்டும். கல்லையும் வேர்த்துண்டையும் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, 2 அங்குலம் சலித்த மணல் பரப்புங்கள். சரிவிலும் சுவரிலும் மணல் நிற்காது, அங்கே பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு அடுக்காக விரித்தேன். சாக்கு போட்டால் மக்கிவிடும், ஃப்ளெக்ஸ் மக்காது. தேர்தல் முடிந்த மாதத்தில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். கைகூப்பியபடி இரண்டு வேட்பாளர்கள் என் குட்டைக்கு அடியில் இன்னும் வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஷீட்டை உச்சி வெயிலில் விரியுங்கள். சூட்டில் இளகி, சொன்னபடி மடியும். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். முதலில் 1 அடி தண்ணீர் விட்டு, மூலை மடிப்புகளைக் கையால் நீவி ஒரே பக்கமாகப் படியவையுங்கள். அப்புறம் முழுதாக நிரப்புங்கள். நிரம்பும்வரை ஓரத்தைப் புதைக்கவோ வெட்டவோ கூடாது, தண்ணீர் கனத்தில் ஷீட் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுபடும். கடைசியில் சுற்றிலும் 1 அடி வாய்க்கால் வெட்டி, ஓரத்தை உள்ளே விட்டு மண்ணால் மூடி, மேலே கடப்பா கல் பதியுங்கள். வெயில் நேராகப் படுகிற ஷீட் சீக்கிரம் நொறுங்கும், அதனால் ஓரம் எங்கும் வெளியே தெரியக்கூடாது.

என் குட்டைக்குச் சுமார் 8,000 லிட்டர் பிடித்தது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்து உங்களுடையதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிமெண்ட்டில் கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டலாம். ஆனால் புதுச் சிமெண்ட் தண்ணீரில் காரம் ஏற்றும், பல முறை நிரப்பி வடித்த பிறகே நாயை விட முடியும். சொரசொரப்பான பூச்சு பாதத்தைத் தேய்த்துவிடும். விரிசல் விட்டால் ஒட்டுவதும் பெரிய வேலை.

சரிவில் பிடிமானம்

முதல் குட்டையில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். ஈர ஷீட்டில் பாசி படிந்தால் மனிதனே வழுக்கி விழுவான். மாட்டுக் கொட்டகையில் தரைக்குப் போடுகிற ரப்பர் மேட் இருக்கிறதல்லவா, அதுதான் மருந்து. கனமானது, மிதக்காது, மேலே வரிவரியாகப் பிடிமானம் உண்டு. சரிவு முழுக்க இரண்டை வரிசையாகப் போட்டு, ஓரத்தில் துளையிட்டு நைலான் கயிற்றால் பிணைத்தேன். மேல் முனை கடப்பா கல்லுக்கு அடியில் அழுந்தி நிற்கிறது. ஷீட்டின் மேல் எங்கும் ஆணி கிடையாது. திண்ணை மேலேயும் ஒரு துண்டு போட்டுவிடுங்கள். நகம் படுகிற இடமெல்லாம் ரப்பர் வந்துவிட்டால் ஷீட் பிழைத்துக்கொள்ளும்.

தண்ணீர் கெடாமல் இருக்க

மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுகிற சின்ன நீர்மூழ்கி மோட்டார் ஒன்று, 200 லிட்டர் நீல டிரம் ஒன்று. டிரம்மில் அடியில் முக்கால் அங்குல ஜல்லி, மேலே சிறு ஜல்லி, அதில் கல்வாழையும் வெட்டிவேரும். தண்ணீர் டிரம்மின் அடியில் நுழைந்து மேலே வழிந்து, குழாய் வழியாகக் குட்டைக்குத் திரும்பும். செடி வேர் அழுக்கில் உள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும், பாசிக்குத் தீனி குறையும். மோட்டார் வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் அந்த மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கவே கூடாது. நாய் நீந்தும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவது என் பழக்கம்.

கொசுவுக்குக் கப்பி மீன் 20 விட்டேன். இப்போது எண்ண முடியாது. மீன் இருப்பதால் ப்ளீச்சிங் பவுடர் போட முடியாது, போடவும் வேண்டாம், நாயின் கண் எரியும். வாரம் ஒருமுறை அடித்தண்ணீரில் 500 லிட்டர் அளவு தென்னைக்கு வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன். தென்னைக்குக் கொண்டாட்டம்.

மே மாதத்தில் மட்டம் தினமும் இறங்கும். ஓட்டையா, ஆவியா என்று சந்தேகம் வந்தால், ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துத் திண்ணை மேல் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நாயை விடாதீர்கள், மோட்டாரும் ஓட வேண்டாம். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான் குடித்திருக்கிறது. குட்டை மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஓட்டை தேட வேண்டியதுதான்.

கரையில் அரளி வைக்காதீர்கள், இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். அல்லியும் வைத்துப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் உளுந்து வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து வாசலில் போட்டான்.

நாயை இறக்குவது

தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு பக்கத்திலேயே வராது. நீங்கள் சரிவில் முழங்கால் தண்ணீரில் நில்லுங்கள், நாய் தானாக வரட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். ஆழத்துக்குப் போனதும் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் திருப்பி, சரிவுக்கே கொண்டுவாருங்கள். இதைப் பத்து முறை செய்தால் வெளியேறும் வழி அதற்குப் பதிந்துவிடும். திண்ணையையும் அதேபோலக் காட்டிக்கொடுங்கள்.

பக், டாஷண்ட் வைத்திருப்பவர்கள் லைஃப் ஜாக்கெட் வாங்கிவிடுங்கள். சப்பை மூக்கும் குட்டைக்காலும் நீச்சலுக்கு ஒத்துவராது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி கொழுப்பில்லாத உடம்புக்கு மிதப்பது கொஞ்சம் சிரமம், மேலே ஒரு கண் இருக்கட்டும். பந்தை ஓயாமல் எறிந்து விளையாடினால் நாய் வாய் திறந்தபடியே தண்ணீரை நிறைய விழுங்கும். அளவுக்கு மீறி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே கூப்பிடுங்கள்.

எலிக் காய்ச்சல் தடுப்பூசி வருடம் தவறாமல் போடவேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் அது பரவும், நாயிடமிருந்து நமக்கும் வரும். மழைக்காலத்தில் தேரையும் வந்து உட்காரும். வாயில் கவ்வினால் நாய்க்கு நுரை தள்ளும். தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைப் பக்கவாட்டில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

குட்டையைச் சுற்றி வேலியும் தாழ்ப்பாள் வைத்த படலும் கட்டாயம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 3 அடி என்பது கிணறு.

ஏறி வந்ததும் முதலில் நாலடி தள்ளி நில்லுங்கள், உதறட்டும். பிறகு துண்டால் காது மடலைத் திருப்பி, உள்பக்கம் ஈரம் போகத் துடையுங்கள். லாப்ரடார் காது தொங்கல் காது, ஈரம் தங்கினால் இரண்டே நாளில் நாற்றம் வந்து சொறிய ஆரம்பிக்கும். உளுந்துக்கு நீச்சல் பிடித்த அளவுக்கு இது பிடிப்பதில்லை. துண்டைக் கையில் எடுத்தாலே மாட்டுத் தொட்டிக்கு ஓடிவிடுகிறான்.