இனக்கிடா வாங்குமுன்: குமரியில் புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம் தொடங்கி குலசேகரம் வரை இப்போது ஊருக்கு ஊர் பரண் கொட்டில் எழும்புகிறது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ரப்பர் விலையை நம்பி அலுத்தவர்கள், படித்துவிட்டு ஊரிலேயே இருக்க நினைக்கிற பிள்ளைகள் என்று நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் முன்பு இறங்கியவர்கள் எந்தெந்த இடத்தில் பணத்தைத் தொலைத்தார்களோ, அதே இடங்களில்தான் இவர்களும் தொலைக்கிறார்கள். கொட்டிலில் காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பேச வந்தது இனத்தைப் பற்றி.

## காதையும் நிறத்தையும் பார்த்துக் கிடா வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு கிடாவை 25, 30 பெட்டைக்கு விடுகிறோம். அடுத்த வருடம் கொட்டிலில் துள்ளுகிற குட்டி ஒவ்வொன்றிலும் பாதி அதனுடையது. பெட்டை தப்பாகப் போனால் ஓர் ஆடு நஷ்டம். கிடா தப்பாகப் போனால் மந்தையே நஷ்டம். அப்படிப்பட்ட கிடாவைத்தான் போனில் வந்த போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் போட்டு வாங்குகிறார்கள்.

திருவட்டார் பக்கம் ஒரு தம்பி, "ஒரிஜினல் தலைச்சேரி வாங்கியிருக்கேன், வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டான். தூய வெள்ளை, நல்ல உயரம், கழுத்துக்குக் கீழே தொங்குகிற காது. வெள்ளையும் நீளக் காதும்தான் அசலுக்கு அடையாளம் என்று விற்றவர் சொன்னாராம்.

தலைச்சேரி, அதாவது மலபாரி, ஒரே நிறத்தில் வரும் இனமே கிடையாது. வெள்ளை, கறுப்பு, தவிட்டு நிறம், கலப்பு எல்லாம் அதில் உண்டு. மலபார்க் கரையில் அரபு நாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த ஆடுகள் உள்ளூர் ஆட்டோடு கலந்து உருவான இனம் அது. காது நடுத்தரம்தான். அவ்வளவு நீளமாகத் தொங்கினால், நீளக் காதுள்ள வட இந்திய இனமான ஜம்னாபாரி கலந்திருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். மலபாரிக்குப் புகழ் வந்ததே இரட்டைக் குட்டி போடுவதால். அது நிறத்தில் தெரியாது.

கன்னி ஆட்டுக்கு வேறு கணக்கு. கறுப்பு உடம்பு, கொம்படியிலிருந்து வாயோரம் வரை முகத்தின் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, செந்நிறமென்றால் செங்கன்னி. கொடி ஆட்டில் வெள்ளையில் கறுப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வள மையம் இந்த இனங்களையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. எந்த இனத்துக்கு நிறம் அடையாளம், எதற்கு இல்லை என்பதைக் கூடத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுத்து நீட்டக் கூடாது. கோடு அச்சடித்த மாதிரி இருக்கிற கன்னி ஆடு கூட, குட்டிக்குப் பால் பற்றாமல் தவிக்க விடும்.

சரி, திருவட்டார் கிடாவுக்கு வருகிறேன். நான் காதைப் பார்க்கவில்லை. பின்னால் குனிந்து விதைப்பையைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கெட்டியாக உருண்டு கையில் தட்டியது. மறுபக்கம் வெறும் தோல். ஒற்றை விதை, குட்டிகளுக்கும் போகக்கூடிய குறை. வாயைத் திறந்தேன். ஒரு வயது என்று விற்ற கிடாவுக்குப் பால்பல் விழுந்து நாலு நிலைப்பல் முளைத்திருந்தது. அப்படியென்றால் இரண்டு வயதை ஒட்டி வந்துவிட்டது.

"இதோட தாய் எங்க மக்கா?"

"கேரளத்துல நிக்குன்னு சொன்னாங்க."

"எத்தனை ஈத்து? இரட்டை போட்டதா?"

"அது கேக்கல அண்ணே."

போயர் என்கிற கறி ஆட்டிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் 1959இல் போயர் ஆடு வளர்ப்போர் சங்கம் அமைத்துத் தரம் வகுத்தார்கள். வெள்ளை உடம்பு, சிவந்த தலை என்பது மட்டும்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாடை பொருந்துகிறதா, காம்பு ஒழுங்காக இருக்கிறதா, விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று அந்தத் தரத்தில் இருப்பதை விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

கிடா வேண்டுமென்றால் தாய் நிற்கிற கொட்டிலுக்குப் போங்கள். மடியைத் தொட்டுப் பாருங்கள். கூடப் பிறந்த குட்டி இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு ஈத்து விவரமாவது வேண்டும்: பிறந்த எடை, 3 மாத எடை, எத்தனை குட்டி பிழைத்தது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கலாம். தாயைக் காட்ட மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

## காதில் மாட்டிய டேக்கை இனச் சான்றிதழ் என்று நம்புவது

டேக்கில் இருக்கிற 12 இலக்க எண் இது எந்த ஆடு என்று சொல்லும். என்ன இனம் என்பதற்கு அது சாட்சி இல்லை.

## குட்டி விலையை நம்பிக் கணக்குப் போடுவது

இன ஆடு வாங்கினால் குட்டியை இனவிருத்திக்கு விற்றே முதலை எடுத்துவிடலாம் என்கிற கணக்கு ஆபத்தானது. அல்பாக்காவுக்கு நடந்ததைப் பாருங்கள். ஆண்டிஸ் மலையில் கம்பளிக்காக வளர்க்கிற பிராணி அது. முடி புசுபுசுவென்று நிற்பது வாக்காயா, சடையாகத் தொங்குவது சூரி. 1980களில் அமெரிக்காவுக்குப் போனது. பதிவேடு வைத்தார்கள், சோதனை செய்து தாய் தகப்பனை உறுதிப்படுத்தினார்கள், 1998இல் வெளிநாட்டிலிருந்து வருகிற விலங்குகளுக்குப் பதிவேட்டை மூடினார்கள். விலை எங்கோ போனது. வாங்கியவர்கள் எல்லோரும் அடுத்தவருக்கு இனவிருத்திக்கென்று விற்றார்கள். கம்பளி விற்ற காசு அந்த விலைக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. இது ஊக விலை, நிற்காது என்று 2007இல் கலிஃபோர்னியாப் பொருளியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் பிறகு விலை சரிந்தது. பதிவேடு தகப்பன் யார் என்று சரியாகத்தான் சொன்னது. முடி மெல்லியதா, அதை வாங்க ஆள் இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்டதைத் தமிழ்நாடே பார்த்தது.

கறிக்கடைக்காரர் உயிர் எடைக்கு என்ன தருவார் என்று விசாரியுங்கள். அந்த விலையில் உங்கள் கணக்கு நிற்கட்டும். இனவிருத்திக்குப் போகிற குட்டி கூடுதல் வரவு, அவ்வளவுதான்.

## வறண்ட ஊர் ஆட்டை ரப்பர் தோட்டத்தில் கட்டுவது

ஆரல்வாய்மொழிக் காற்றில் கன்னி ஆடு நன்றாகவே இருக்கும். அதையே எட்டயபுரம் சந்தையில் பிடித்து நேராகக் குலசேகரத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மேற்கே போகப் போக மழை கூடுகிறது, ரப்பர் நிழலில் புல் காய்வதே இல்லை. ஹீமான்கஸ் என்கிற, ரத்தம் உறிஞ்சுகிற புழுவின் குஞ்சுகள் அந்த ஈரப் புல்லில்தான் ஏறி நிற்கும். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் பயமில்லை, காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் தாடைக்குக் கீழே நீர் கோக்கும்.

மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் கொஞ்ச காலத்தில் மருந்து பிடிக்காமல் போகும். வெளுத்ததற்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மருந்தே வாங்காமல் இரண்டு மழையிலும் இமை சிவந்து நிற்கிற பெட்டையைக் குறித்து வையுங்கள். மேற்குக் குமரிக்கு வேண்டிய இனம் அதன் வயிற்றில்தான் இருக்கிறது.

## மரச்சீனி இலையைப் பச்சையாகப் போடுவது

அதில் நஞ்சு இருக்கிறது. எந்த இனமானாலும் சாகக்கூடும்.

## தகப்பனை மகளோடு விடுவது

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள்.

## கொழுத்த குட்டியை நிறுத்தி, மெலிந்ததை விற்பது

நியாயம் போலத் தோன்றுகிற தவறு இது. ஒற்றையாகப் பிறந்த குட்டி தாய்ப்பால் முழுவதையும் குடித்துக் கொழுத்து நிற்கும். இரட்டையில் பிறந்தது பாலைப் பங்கு போட்டுக் குடித்துக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். 3 மாதத்தில் பெரிய பெட்டைக்குட்டியை நிறுத்தி மற்றதை விற்றால், இரட்டை போடுகிற வழியை நம் கையாலேயே அறுத்துவிடுகிறோம். சில வருடத்தில், "தலைச்சேரிங்கிறாங்க, ஒத்தக் குட்டிதான் போடுது" என்று குறை சொல்வார்கள்.

கிடாக்குட்டியில் நேர்மாறாக நடக்கிறது. வேகமாக வளர்ந்தது பக்ரீத்துக்கோ அம்மன் கொடைக்கோ முதலில் போய்விடும். விலை போகாத நோஞ்சான் கொட்டிலில் நின்று பெட்டைகளோடு சேரும். குட்டி பிறந்த அன்றே கொக்கித் தராசில் தூக்கி எடை பார்த்து, தேதி, தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா என்று எழுதுங்கள். எடையை ஒப்பிடும்போது ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் வைத்துப் பாருங்கள். நிறுத்த வேண்டியது எது என்று முடிவு செய்து, அதன் காதில் அடையாளம் போட்ட பிறகு வியாபாரியைக் கொட்டிலுக்குள் விடுங்கள்.