கத்திரி வெயிலில் மாடித்தோட்டத்துக்கு நீர் விடும் முறை

பெரும்பாலும் மே 4ஆம் தேதியையொட்டித் தொடங்கி அம்மாத இறுதி வரை நீடிக்கும் கத்திரி வெயிலில், வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, நிலத்தில் நிற்கும் செடியைவிட மாடியில் பையிலும் தொட்டியிலும் வளரும் செடியே அதிகம் வாடுகிறது. நிலத்துச் செடியின் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்கும். தொட்டிச் செடிக்கு அந்த வழியில்லை என்பதோடு, சூடேறிய தளமும் தொட்டியின் பக்கங்களும் வேரையே தாக்குகின்றன. ஆகவே எவ்வளவு நீர் ஊற்றுகிறோம் என்பதைவிட, அதில் எவ்வளவு வேரைச் சேர்ந்து அங்கே தங்குகிறது என்பதிலேயே நம் கவனம் இருக்க வேண்டும்.

காலை 7 மணிக்குள் நீர் விட்டுவிடுவது நல்லது. உச்சிவேளையில் வெண்டை, பூசணி இலைகள் துவள்வதைக் கண்டு உடனே குடத்தைத் தூக்க வேண்டியதில்லை. இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் நீரை அனுப்ப முடியாததால் அவ்வாறு துவளும் செடி, மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் தாழ்ந்ததும் தானாகவே நிமிர்ந்துவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் மாலையில் இன்னொரு முறை ஊற்றலாம். தக்காளி பூ உதிர்ப்பதற்குக் கடும் வெப்பமே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், மண் ஈரமாக இருக்கும்போது அதற்காக மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகத்தான் செய்யும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, பையில் மண்ணோடு கலக்கும் தென்னை நார்க்கழிவின் இயல்பை. ஒருமுறை முற்றிலும் வறண்டுவிட்டால் அது நீரை எளிதில் ஏற்பதில்லை. ஊற்றிய நீர் பையின் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே வெளியேறிவிட, மேலே நனைந்த மண்ணைப் பார்த்து நாம் நிம்மதி அடைகிறோம், செடியோ தாகத்தில் நிற்கிறது. அத்தகைய பைக்குப் பூவாளியால் சிறிது ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் ஊற்றி, இவ்வாறு மூன்று முறை செய்ய வேண்டும். சிறிய தொட்டியானால் வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும் வரை வைத்திருப்பதே சிறந்தது. வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் நீர் கொதிக்கும் என்பதால், அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஈரத்தைக் காக்க, காய்ந்த இலையையோ வைக்கோலையோ இரண்டு அங்குல உயரத்துக்கு, தண்டை ஒட்டாமல் மூடாக்காகப் பரப்பி, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டலாம். பெரிய தொட்டிகளுக்கு நான் மிகவும் நம்புவது பானைப் பாசனத்தைத்தான்: மெருகு பூசாத சிறு மண்கலயத்தைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், மண் உலர உலர அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்துகொண்டிருக்கும். கொசு முட்டையிடாதபடி வாயைக் கட்டாயம் மூடிவையுங்கள்.

அரிசி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம், ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரில் உப்பு மிகுந்திருப்பதால் தொட்டிகளுக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று நாள் வெளியூர் செல்வதானால், தொட்டிகளைச் சுவரின் நிழலில் நெருக்கி வைத்து, நீர் நிறைந்த வாளியிலிருந்து ஒவ்வொரு தொட்டியின் மண்ணுக்கும் ஒரு பருத்தித் துணித்திரியைப் புதைத்துவிட்டுச் செல்லுங்கள்.