விண்டோஸ் 98 கேம் கணினி: செய்யக் கூடாதவை

விண்டோஸ் 98 போட்ட பழைய பெண்டியம் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது ரேமைக் கூட்டுவது. கேம் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. 1999-இல் வந்த இரண்டாம் பதிப்புகூட 512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால் தடுமாறும். வட்டிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும் விகேஷ் என்ற பகுதி, ரேம் கூடக்கூடத் தன் இடத்தையும் பெருக்கிக்கொள்ளும். ஏஜிபி என்ற பொருத்துவாயில் செருகும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அதே முகவரிப் பரப்பில்தான், அதாவது விண்டோஸ் நினைவகத்தை எண்ணிட்டு ஒதுக்கும் எல்லைக்குள்தான், இடம் வேண்டும். இடம் போதாமல், ரேம் நிறைய இருக்கும்போதே நினைவகம் போதாது என்று செய்தி வரும். ரேம் பழுது என்று நினைத்து உடனே புதிது வாங்க வேண்டாம்.

அந்தக் காலத்து கேம்களுக்கு 256 எம்பி தாராளம். கூடுதல் ரேமைக் கழற்ற மனமில்லையா? சரி, விண்டோஸ் அமைப்புகளை எழுதிவைத்திருக்கும் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவை 262144 என்று எழுதி வையுங்கள். ஒரு ஜிபியைத் தாண்டினால் இது மட்டும் போதாமல் போகலாம்.

ஹாட் டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் 98 உடன் வரும் ஐடிஇ டிரைவருக்கு, அதாவது டிஸ்க்கை இயக்கும் மென்பொருளுக்கு, 137 ஜிபிக்கு அப்பால் தெரியாது. பெரிய டிஸ்க்கில் அந்த எல்லையைத் தாண்டி எழுதும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் கோப்புகள் சிதைந்துவிடும். 80 ஜிபி டிஸ்க் போதும்.

வன்னியில் இதைவிடப் பெரிய எதிரி கரண்ட். விண்டோஸ் 98 டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 முறைக்கு ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதியது பாதிதான். திரும்ப ஓன் பண்ணியதும் ஓடும், டிஸ்க்கில் பிழை தேடும் ஸ்கேன்டிஸ்க்கை, கேம் விளையாடும் அவசரத்தில் நிறுத்தாதீர்கள். அதற்கு முதலே, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியான யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். என் கணக்கில் புது கிராபிக்ஸ் கார்டைவிட அதுதான் முக்கியம். மாரியில் இடி முழங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசி புரொசசர் விசிறியை அடைத்துவிடும். கேம் நடுவில் உறைந்தால் விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போட்டில் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போட்களில் அது அடிக்கடி காணும் பழுது. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது.

இணையத்தில் இணைக்கவே வேண்டாம். 2006 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

புது டிரைவர் போட்டபின் கணினி எழும்பவில்லை என்றால் உடனே ஃபார்மட் செய்வதும் தவறு. விண்டோஸ் 98 ஒழுங்காகத் தொடங்கும் நாட்களில், தன் அமைப்புகளெல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தானே பிரதி எடுத்து, கடைசி ஐந்தை வைத்திருக்கும். கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டாஸுக்குப் போய் ஸ்கேன்ரெக் கட்டளையை ரெஸ்டோர் என்ற தெரிவோடு கொடுத்தால் தேதியோடு பட்டியல் வரும். டிரைவர் போடுவதற்கு முந்திய நாளைத் தெரிவு செய்யுங்கள். இதை நாட்கணக்காகத் தள்ளிப்போட்டால் நல்ல பிரதிகளின் இடத்தைக் கெட்டவை பிடித்துவிடும்.