எட்டும் எய்ட்டும் சொந்தக்காரங்களா? இங்கிலீஷ் வார்த்தைக்கு வேர் தேடும்போது பண்ணக்கூடாதது

ஒன்னு-ஒன், எட்டு-எய்ட், பாத்தீங்களா எல்லாம் தமிழ்லருந்து போனதுதான்னு சொல்ற ஒருத்தராவது குன்னூர்ல எந்த டீக்கடைக்குப் போனாலும் இருப்பாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரிய தப்பே அங்கதான், இன்னைக்கு இருக்கிற ரெண்டு சத்தத்தை பக்கத்துல வெச்சு முடிவு கட்டறது. எய்ட்டை பின்னாடி தள்ளிட்டே போங்க, பழைய இங்கிலீஷ்ல எஆஹ்டா, ஜெர்மன்ல இன்னும் ஆஹ்ட், லத்தீன்ல ஓக்டோ. நடுவுல இருந்த க, ஹ ஆகி, கடைசில சத்தமே இல்லாம போய் ஸ்பெல்லிங்ல மட்டும் ஜிஎச்னு உக்காந்திருக்கு. நம்ம எட்டுக்கு அடி 'எண்', எண்பது எண்ணூறுன்னு சொல்லும்போதே வெளிய வந்துரும். சொந்தமா இருந்தா பின்னாடி போகப் போக கிட்ட வரணும்ல, இது விலகில்ல போகுது! ஒன்-ல கேக்கற வ சத்தமும் பிற்பாடு ஒட்டினதுதான், பழசு ஆன்.

அதுக்காக எதுவுமே நம்மளுது இல்லன்னு சாயவும் வேணாம். ஜிஞ்சரைப் பின்னாடி கொண்டு போனா லத்தீன், அப்புறம் கிரேக்கத்துல ஜிங்கிபெரிஸ், பாலி மொழில சிங்கிவேர, அதுக்கும் பின்னாடி நம்ம இஞ்சி வேர். முன்னாடி இருந்த ச-வை தமிழ் விட்டுருச்சு, அதனால வெறும் இஞ்சியை மட்டும் வெச்சுப் பாத்தா பிடிபடாது. இதுல கூத்து என்னன்னா சமஸ்கிருதத்துல அதை சிருங்கவேரன்னு ஆக்கி, 'கொம்பு மாதிரி உடம்பு'ன்னு அர்த்தமும் சொல்லிட்டாங்க. ஆக, தெரியாத வார்த்தைக்கு தெரிஞ்ச அர்த்தம் மாட்டிவிடறது புது வியாதி ஒன்னும் இல்ல.

எல்லா வார்த்தைக்கும் ஆயிரம் வருஷ பரம்பரை இருக்கும்னும் நினைக்காதீங்க. நீலகிரி தைலம்னு நாம ஊர் பேர்லயே விக்கிறோம், அந்த யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியா, பேரு ஒரு பிரெஞ்சு தாவரவியல்காரர் 1788ல கிரேக்கத்துண்டு ரெண்டை ஒட்டி செஞ்சது. மொட்டு மேல மூடி இருக்கும், அதான் யூகலிப்டஸ், 'நல்லா மூடினது'. பழங்கால கிரேக்கர் யாரும் அந்த மரத்தைப் பாத்ததே இல்ல.

அடுத்த தப்பு, கதையை நம்பறது. 1860கள்ல வெள்ளைக்காரன் நம்ம நீலகிரில நடுவட்டம் பக்கம் போட்ட சின்கோனா மரம், சின்சோன்ங்கற ஸ்பெயின் பிரபு வீட்டம்மாவுக்கு அந்தப் பட்டையில காய்ச்சல் குணமான கதையால வந்த பேரு. கதைக்கு ஆதாரம் நிக்கல, பேரு நின்னுருச்சு, அதுவும் செடிகளுக்குப் பேர் வெச்ச தாவரவியல்காரர் லின்னேயஸ் 1742ல ஒரு எச்-ஐ விட்டுட்டு எழுதினது. இந்த சின்கோனா பட்டையிலருந்துதான் மலேரியா மருந்தான குவினைன் எடுக்கறாங்க, அதனால வார்த்தையும் அதுலருந்து வந்துச்சுன்னு நினைச்சிராதீங்க. குவினைன்ங்கற வார்த்தைக்கு வேர், தென் அமெரிக்காவோட கெச்சுவா மொழில பட்டையைக் குறிக்கிற கினா.