கப்பல் கட்டணம் இறங்கியபோது நான் செய்தது

குறுவை நெல் விற்ற கையோடு, அப்பா அம்மாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் பால்கனி அறையைச் சலுகை விலையில் முன்பதிவு செய்தேன். தை பிறந்ததும் அதே அறை இன்னும் மலிவாகத் தெரிந்தது. கும்பகோணத்து ஏஜென்ட், "போட்டது போட்டதுதான் சார்" என்றார்.

நான் விடவில்லை. மீதிப் பணம் கட்டும் கெடு முடியும்வரை, அதே தேதி, அதே அறை வகைக்குப் பல கப்பல் நிறுவனங்கள் புது விலை தரும். ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதிக் கேட்கச் சொன்னேன். சம்மதித்தார்கள், ஆனால் புது விலையில் இலவச வைஃபை கிடையாதாம் (சூட்சுமமே அங்கேதான்). கூட்டிக் கழித்தால் லாபம் சொற்பம். அதனால் விலையைக் குறைக்கச் சொல்லாமல், வித்தியாசத்தைக் கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டாக வாங்கிக்கொண்டேன். டிப்ஸ், கரைச் சுற்றுலாவுக்கு அதில் கழிக்கலாம். மிச்சம் வைத்தால் பெரும்பாலும் ரொக்கமாகத் திரும்பாது. அதில் டிகிரி காபி கிடைக்குமா என்கிறாள் அம்மா.