செடர் விருந்தில் எல்லோருக்கும் இடம்: பஸ்காவுக்கு முன் செய்யவேண்டியவை

யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில், அந்தக் கதையைச் சொல்லி உண்ணும் சடங்கு விருந்துதான் செடர். அதன் தொடக்கப் பகுதியில், புளிப்பில்லா அப்பமான மட்சாவைத் தூக்கிக் காட்டி, "பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்" என்று அரமேய மொழியில் அழைப்பார்கள். வாசல் படி ஏற முடியாதவருக்கு அந்த அழைப்பு கேட்கவே போவதில்லை. அதனால் ஏற்பாட்டைப் பத்து நாள் முன்பே தொடங்குங்கள்.

அழைக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "வந்து போக, உட்கார, சாப்பிட உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவரைத் தனியே நிறுத்தியதாகிவிடும்.

சக்கர நாற்காலிக்கு, 15 செ.மீ. உயரப் படி என்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும். குட்டைப் பலகையைச் சாத்தினால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும். கதவு திறந்தபின் 81 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கழிப்பறைக் கதவையும் அளங்கள். பலரும் மறப்பது அதைத்தான், செடரோ மூன்று நான்கு மணி நேரம் நீளும். மேசைக்கடியில் முழங்கால் நுழைய 69 செ.மீ. உயரம் தேவை. மடக்கு மேசை என்றால் குறுக்குச் சட்டம் இடிக்கும்.

செடரில் ஆளுக்கு நான்கு கோப்பை ஒயின் குடிப்பது கடமை. கோப்பைக்குக் குறைந்தபட்சம் சுமார் 86 மி.லி. என்பது ஒரு கணக்கு, 150 மி.லி. என்பது கடுமையான கணக்கு. மதுவை விட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் திராட்சைச் சாறு போதும். சாற்றையும் ஒயினையும் வெவ்வேறு வடிவக் குடுவைகளில் வையுங்கள். இரண்டும் ஒரே சிவப்பு, இருட்டில் கை மாறும். கோப்பை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

குளூட்டன் ஒவ்வாதவர்தான் அதிகம் மாட்டிக்கொள்வார். மட்சா கடமை நிறைவேற மாவு ஐந்து தானியங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ். எனவே குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸ் மட்சாவை வாங்குங்கள். உருளை அல்லது மரவள்ளி மாவில் செய்தது சாப்பிட நன்றாகவே இருக்கும், கடமைக்கு உதவாது. சிலருக்கு ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது, அவரையே கேட்டுவிடுங்கள். பொது மட்சாவை உடைக்கும்போது தூள் மேசை முழுக்கத் தெறிக்கும். அவருக்குத் தனித் தட்டு, ஹரோசெத் என்னும் இனிப்புப் பழ விழுதுக்குத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. ஹரோசெத்தில் வழக்கமாக வால்நட் விழும். பேரீச்சம்பழத்தை மட்டும் அரைத்தால் கொட்டை ஒவ்வாமைக் கவலை இல்லை.

சாப்பாடு வருவதற்குள் சர்க்கரை நோயாளி தளர்ந்துபோவார். உப்புநீரில் கீரை தோய்க்கும் கர்பாஸ் கட்டத்திலேயே வேகவைத்த உருளைக்கிழங்கை நிறையக் கொடுங்கள். கிழக்கு ஐரோப்பிய வழக்கத்திலும் அதுதான் கர்பாஸ். அதிகம் சாப்பிட்டால், உண்டபின் சொல்லும் ஆசியைச் சொல்ல வேண்டுமா என்று யூதச் சட்டம் பார்ப்பவர்கள் ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) கேட்டுக்கொள்வார்கள்.

காது சரியாகக் கேட்காதவரை, வழிநடத்துபவரின் முகமும் உதடும் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்தால் உதடு தெரியாது. பார்வை மங்கியவர்களுக்காக, செடரில் வாசிக்கும் நூலான ஹகதாவின் சில பிரதிகளை 18 பாயின்ட் அளவுப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வையுங்கள்.

செடர் தட்டில் ஆரஞ்சு வைக்கும் வழக்கம் 1980களில் அமெரிக்க யூத அறிஞர் சூசன்னா ஹெஷலிடமிருந்து வந்தது. ஆளுக்கொரு சுளை தின்று, தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்கும் வெறுப்பைத் துப்புவதுபோல் விதையைத் துப்ப வேண்டும். பெண் ரப்பிகளைப் பற்றி யாரோ கேலி செய்ததால் வந்தது என்பது கட்டுக்கதை. கடையில் விதையில்லாத ஆரஞ்சை வாங்கி வந்தால் துப்ப ஒன்றும் இருக்காது! பழத்தை வைத்துவிட்டு வாசல் படியை அப்படியே விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு.

சமகால அநீதியைப் பேச விரும்பினால் ஒரே விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு ஒயின் எடுக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் போதும். 1969 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த நாளில், அமெரிக்க யூதச் செயற்பாட்டாளர் ஆர்தர் வாஸ்கோ வாஷிங்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் நடத்திய விடுதலைச் செடர் இதற்கு முன்னோடி. நான்கைந்து விஷயங்களை அடுக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், சாப்பாடும் ஆறும்.

தலைமுறைதோறும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாகக் கருத வேண்டும் என்று ஹகதா சொல்லும். அங்கே, "இந்த ஆண்டு எதிலிருந்து வெளியே வந்தீர்கள்?" என்று கேளுங்கள். பேச விரும்பாதவர் உப்புக் கிண்ணத்தை அடுத்தவரிடம் நகர்த்தினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செடரின் பிற்பகுதியில் எலியா தீர்க்கதரிசியை வரவேற்கக் கதவைத் திறக்கும் நேரத்தில், யாராவது இடறப்போகிறார்கள் என்று சாய்தளத்தை ஓரங்கட்டிவிடுவார்கள். கடைசி விருந்தினர் கிளம்பும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.