பாவிச்ச ஒமேகா வாங்கியாச்சு, இனி சர்வீஸுக்கு எப்பிடிக் குடுக்கிறது?

போன வருசம் ஒரு ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் வாங்கினன், புதுசில்ல, பாவிச்சது. அப்பாட சிநேகிதர் ஒருத்தர் கப்பல்ல வேலை செய்தவர், 90களின்ட நடுவில சிங்கப்பூர்ல வாங்கினதாம், இப்ப உப்புவெளில வீட்டைத் திருத்தக் காசு தேவைப்பட்டு வித்தவர். நீல டயல், அதில அலை அலையாக் கோடு, 10 மணிப் பக்கத்தில கூடுதலா ஒரு திருகி. கையில கட்டின உடன நிலாவெளிக்குப் போய் அப்பிடியே கடலுக்குள்ள பாய்வமோ எண்டு இருந்துது, 300 மீற்றர் எண்டு டயல்லயே எழுதியிருக்கெல்லோ. நல்ல காலம் பாயேல்ல. ஆனா வேற ஒரு மொக்கு வேலை பாத்தன், அதைக் கீழ சொல்லுறன். முதல்முதலா இப்பிடி ஒரு வாட்ச் வாங்கினாக்களுக்காகத்தான் இது, மெஷினுக்குள்ள என்ன இருக்குதெண்டு தெரியாட்டியும் பரவாயில்ல.

ஸ்டெப் 1: தண்ணி காட்டாதேங்கோ

டயல்ல இருக்கிற 300 மீற்றர், 100 மீற்றர் எல்லாம் ஃபக்டரில இருந்து வெளில வந்த நாளுக்கான கணக்கு. தண்ணி உள்ள போகாமத் தடுக்கிறது பின்மூடிக்கும் கிளாஸுக்கும் சாவிக்கும் (கிரவுண் எண்டு கம்பனிக்காரர் சொல்லுறது, நாங்க சாவி குடுக்கிற அந்தத் திருகிதான்) அடில கிடக்கிற சின்ன ரப்பர் வாஷர்கள். அது வருசக்கணக்கில காய்ஞ்சு, இறுகி, நசிஞ்சு போயிடும். அதுவும் திருகோணமலைல, ஜன்னல் கம்பியே ரெண்டு வருசத்தில துருப்பிடிக்கிற ஊர், வேர்வையும் உப்புக்காத்தும் அந்த வாஷரை என்ன செய்திருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. கடல் வேணாம், ஷவர் வேணாம், கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனா கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வைங்கோ, ஏனெண்டா சுடுதண்ணில உலோகமும் ரப்பரும் கிளாஸும் ஒரே அளவா விரியாது, பிறகு பச்சைத்தண்ணி பட்டா உள்ள இருக்கிற காத்துச் சுருங்கித் தண்ணியை இழுக்கும்.

கிளாஸுக்குள்ள ஏற்கனவே புகார் மாதிரி ஈரம் தெரிஞ்சா மிச்ச ஸ்டெப் ஒண்டும் பாக்காதேங்கோ, அண்டைக்கே கிட்ட இருக்கிற நல்ல ரிப்பேர்காரர் ஒருத்தரிட்டக் குடுத்துத் திறந்து காய வைக்கோணும். உப்புத்தண்ணி எண்டா சில நாளிலயே இரும்புச் சாமானில துரு பிடிக்கத் தொடங்கிடும். அரிசிக்குள்ள புதைக்கிறதெல்லாம் சரிவராது.

ஸ்டெப் 2: ஒரு கிழமை நீங்களே பாருங்கோ

சர்வீஸுக்குக் குடுக்க முதல் வாட்ச்சுக்கு என்ன வருத்தமெண்டு உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி அவங்கள் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டத்தான் வேணும்.

சாவியை இடப்பக்கமாத் திருகிக் கழட்டி, முன்பக்கமா ஒரு 40 சுத்து மெல்லமாச் சாவி குடுங்கோ. பிறகு அழுத்திப் பிடிச்சபடியே வலப்பக்கம் திருகி மூடுங்கோ, கோணலாப் போனா உடன நிப்பாட்டி முதல்ல இருந்து தொடங்குங்கோ, பலவந்தப்படுத்தினா புரி தேய்ஞ்சு போகும். மூடின வாட்ச்சை மேசைல வைச்சிட்டு எத்தினை மணித்தியாலம் ஓடுதெண்டு குறியுங்கோ. என்ரதுக்குள்ள இருக்கிறது 1120 எண்ட மெஷின், ஈடிஏ கம்பனின்ட 2892 எண்ட சுவிஸ் மெஷினை எடுத்து ஒமேகா திருத்தினது, முழுச்சாவிக்கு 44 மணித்தியாலம் ஓடோணும். என்ரது 31ல நிண்டுது. எண்ணெய் காய்ஞ்சிட்டுது, இல்லாட்டி ஸ்பிரிங் களைச்சிட்டுது எண்டு விளங்கிச்சுது.

அடுத்தது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில ஃபோனோட ஒப்பிட்டு எத்தினை செக்கன் கூட, எத்தினை குறைய எண்டு எழுதி வைங்கோ. குரோனோமீற்றர் எண்டு டயல்ல எழுதியிருந்தா, புதுசா வரேக்க ஒரு நாளைக்கு 4 செக்கன் பின்னுக்கும் 6 செக்கன் முன்னுக்கும் இடையில எண்டு சோதிச்சு அனுப்பினது. பழசுக்கு அதை எதிர்பாக்கேலாது. ஆனா திடீரெண்டு நாளுக்கு ரெண்டு நிமிசம் மூண்டு நிமிசம் முன்னுக்கு ஓடினா சர்வீஸ் எண்டு பதறாதேங்கோ, முக்கால்வாசி காந்தம். ஸ்பீக்கர், ஹாண்ட்பாக் மூடி, ஃபோன் கவர்ல இருக்கிற காந்தம், இதுகள் வழியா ஏறியிருக்கும். ஒரு சின்னக் காம்பஸை வாட்ச்சுக்குக் கிட்டக் கொண்டு போங்கோ, முள்ளு துள்ளினா அதேதான். காந்தம் எடுக்கிற பெட்டி ரிப்பேர்காரரிட்ட இருக்கும், ஒரு நிமிச வேலை.

இன்னொண்டு, இரவு 9ல இருந்து விடிய 3 மணி வரைக்கும் திகதியை மாத்தாதேங்கோ. அந்த நேரத்தில உள்ள இருக்கிற பல்லு திகதித் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், நீங்களும் திருகினா உடைஞ்சிடும்.

ஸ்டெப் 3: ஒரு மெஷின்ல வைச்சுப் பாருங்கோ

டைம்கிராஃபர் எண்டு ஒரு சின்ன மெஷின் இருக்கு, வாட்ச்சை அதின்ட மைக்கில வைச்சா டிக் டிக்கைக் கேட்டு மூண்டு இலக்கம் காட்டும். முதலாவது நாளுக்கு எத்தினை செக்கன் முன்பின் எண்டது. ரெண்டாவது ஆம்ப்ளிட்யூட், பெலன்ஸ் வீல் (உள்ள அங்காலயும் இங்காலயும் ஆடுற சின்னச் சில்லு) ஒரு பக்கத்துக்கு எத்தினை பாகை சுத்துதெண்டது. மூண்டாவது பீட் எரர், டிக்குக்கும் டொக்குக்கும் இடையில இருக்கிற வித்தியாசம். முழுச்சாவி குடுத்து டயல் மேல பாக்க வைக்கேக்க ஆம்ப்ளிட்யூட் 270ல இருந்து 310க்குள்ள இருந்தா நல்ல சுகம், 220க்குக் கீழ எண்டா எண்ணெய் காய்ஞ்சிட்டுது எண்டு கிட்டத்தட்ட முடிவெடுக்கலாம். செக்கன் சரியாக் காட்டுது, பிறகென்ன எண்டு விட்டிடாதேங்கோ, எண்ணெய் இல்லாமலும் வாட்ச் சரியா ஓடும், ஓடி ஓடி உள்ளுக்குத் தேயும். ஃபோன்ல அப் இருக்கு, அது செக்கனை ஓரளவு சரியாக் காட்டும், ஆம்ப்ளிட்யூட்டுக்கு அதை நம்பாதேங்கோ.

ஸ்டெப் 4: ஆரிட்டக் குடுக்கிறது?

இதிலதான் நான் பிழை விட்டன். டவுனுக்குள்ள ஒரு கடை, பேர் வேணாம், பெற்றி மாத்துறது, செயின் வெட்டுறது எல்லாம் கெதியாச் செய்வாங்கள். உள்ள என்ன இருக்கெண்டு பாக்கிற ஆசைல பின்மூடியைத் திறக்கக் குடுத்தன். அந்த மூடியைத் திறக்கத் தனி ஆயுதம் வேணும், அந்தப் பொடியன் கையில கிடைச்ச இடுக்கியைப் போட்டுத் திருகினான், வழுக்கிச்சுது, கிறீச்செண்டு ஒரு சத்தம். பின்பக்கத்தில இருக்கிற கடல்குதிரைப் படத்தின்ட கழுத்துக்குக் குறுக்கால ஒரு கோடு. 30 வருசமா இல்லாத கோடு. பொடியன் துணியால துடைச்சான், துடைச்சா போகுமோ?

அதுக்குப் பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடில கண்ணாடிப் பெட்டி வைச்சிருக்கிற வயசுபோன ஐயா ஒருத்தரிட்டப் போனன். கண்ணில லென்ஸைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தவர், சாவியைக் காதுக்குக் கிட்ட வைச்சுச் சுத்திக் கேட்டவர், பிறகு திருப்பித் தந்திட்டார். "தம்பி, இதை நான் திறப்பன், கழுவிப் பூட்டியும் தருவன். ஆனா தண்ணி போகாமப் பூட்டினனானோ எண்டு பாக்கிற மெஷின் என்னட்ட இல்ல. கொழும்புக்குக் கொண்டு போங்கோ." தனக்கு வாற காசை வேணாமெண்டு சொன்ன மனுசன். என்ர அப்பான்ட பழைய சீக்கோவை அவரிட்டத்தான் பிறகு குடுத்தனான்.

கொழும்பில உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்டு கம்பனி அங்கீகரிச்ச இடம், எது எண்டு கடைக்காரர் சொல்லுறதை நம்பாம அந்தப் பிராண்டின்ட வெப்சைட்லயே பாருங்கோ. விலை கூட, சில நேரம் வாட்ச் வெளிநாட்டுக்குப் போய் வரும், மாசக்கணக்கா எடுக்கும், ஆனா அசல் பார்ட்ஸ், எழுத்தில வாரண்டி (ஒமேகா, ரோலெக்ஸ் ரெண்டும் முழு சர்வீஸுக்கு 2 வருசம் குடுக்குது). மற்றது தனியாச் செய்யிற நல்ல வாட்ச்மேக்கர். இதில சிக்கல் பார்ட்ஸ்தான். ரோலெக்ஸும், ஒமேகாவை வைச்சிருக்கிற ஸ்வாட்ச் குரூப்பும் அசல் பார்ட்ஸை அங்கீகாரம் உள்ள ஆக்களைத் தவிர மற்றவைக்கு லேசில விக்கிறேல்ல. அதால தனி ஆளிட்டக் கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு" இல்ல, "பார்ட்ஸ் எங்கால எடுக்கிறீங்கள், தண்ணி உள்ள போகுதோ எண்டு பாக்கிற பிரஷர் டெஸ்ட் செய்ய மெஷின் இருக்கோ" எண்டதுதான். முழுசாக் கழட்டாம மெஷினை அப்பிடியே பெற்றோலில முக்கி எடுத்து எண்ணெய் விடுறதையும் சில பேர் சர்வீஸ் எண்டுதான் சொல்லுவினம், முழுசாக் கழட்டுவீங்களோ எண்டு நேராக் கேளுங்கோ, கோவிச்சா கோவிக்கட்டும்.

போலிப் பார்ட்ஸ், வெளில போட்ட வைரக்கல்லு எல்லாம் இருந்தா கம்பனி இடம் தொடாமத் திருப்பி அனுப்பும். களவு போனதெண்டு பதிஞ்ச இலக்கமா இருந்தா இன்னும் பெரிய தலையிடி. அதால வித்தவரிட்ட ஒரு துண்டிலயாவது கையெழுத்து வாங்கி வைங்கோ. என்ர வாட்ச்சில இலக்கம் செயின் மாட்டுற காலுக்குப் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிற அளவில இருக்கு, 8 இலக்கம்.

ஸ்டெப் 5: ஜொப் கார்ட்ல என்ன எழுதுறது

ஜொப் கார்ட் எண்டது வாட்ச்சைக் குடுக்கேக்க கவுண்டர்ல நிரப்புற துண்டு. வாயால சொன்னது கணக்கில்ல, அதில எழுதோணும். முதலாவது, பாலிஷ் வேணாம். முழு சர்வீஸில கேசையும் செயினையும் பாலிஷ் பண்ணுறதும் சேந்து வரும், நீங்க ஒண்டும் சொல்லாட்டி பளபளவெண்டு வரும், ஆனா ஒவ்வொரு பாலிஷுக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாப் போகுது, கூரா இருந்த விளிம்பு சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டு போகும், பிறகு அதைத் திருப்பி வைக்கேலாது, விக்கிற நேரம் வாங்கிறவர் முதல்ல பாக்கிறதும் அதைத்தான். என்ர கடல்குதிரைல இருக்கிற கோட்டைக்கூட எடுக்க வேணாமெண்டு எழுதினன், கவுண்டர்ல இருந்த தங்கச்சி ரெண்டு தரம் திருப்பிக் கேட்டவ.

ரெண்டாவது, டயலும் முள்ளும் கேக்காம மாத்தக்கூடாது. டயல்ட அடில ஸ்விஸ் மேட் எண்ட எழுத்துக்கு ரெண்டு பக்கமும் டி எண்டு இருந்தா இருட்டில ஒளிர்றது டிரிட்டியம். அது 12 வருசத்துக்கு ஒருக்கா பாதியாக் குறையும், அதால 90களின்ட வாட்ச் இப்ப ஒளிராது, பழுதில்ல. ஒளிரேல்ல எண்டு புது டயல் போட்டா வாட்ச்சின்ட பெறுமதிதான் அடிபடும்.

மூண்டாவது, கழட்டின பழைய பார்ட்ஸ் திரும்ப வேணும். எல்லா இடமும் தராது, ஆனா முன்னமே கேட்டு எழுதினாத்தான் கதைக்கலாம். பிறகு, ஏற்கனவே இருக்கிற கீறல் எல்லாத்தையும் நல்ல வெளிச்சத்தில போட்டோ எடுத்து வைச்சுக்கொண்டு போங்கோ.

கொண்டு போறதைப் பற்றிப் பெரிசா ஒண்டுமில்ல, தபால்ல அனுப்பாதேங்கோ, கையோட கொண்டு போங்கோ. நான் இரவு பஸ்ஸில போனன், பழைய சொக்ஸுக்குள்ள சுத்தி சேர்ட் பொக்கற்றுக்குள்ள.

ஸ்டெப் 6: எஸ்டிமேட் வந்தா

ஒரு தொகை மட்டும் வந்தா சம்மதிக்காதேங்கோ, பிரிச்சுக் கேளுங்கோ. முழு சர்வீஸ் எண்டா மெஷினை முழுசாக் கழட்டி, அல்ட்ராசோனிக்ல கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற எண்ணெயும் கிரீஸும் விட்டு (கெதியாச் சுத்துறதுக்கு மெல்லிசு, மெல்லமாச் சுத்துறதுக்குத் தடிப்பு), பூட்டி, பல கோணத்தில வைச்சு நேரத்தைச் சரிபாத்து, வாஷர் எல்லாம் புதுசாப் போட்டு, பிரஷர் டெஸ்ட் செய்யிறது வரைக்கும் சேந்தது. வாஷரைத் தனிக் காசெண்டு போட்டிருந்தா ஏனெண்டு கேளுங்கோ. மெயின் ஸ்பிரிங் (சாவி குடுக்கேக்க இறுகுற ஸ்பிரிங்) மாத்துறது நியாயம். வாங்கேக்கயே இதுக்கெண்டு ஒரு காசை ஒதுக்கி வைச்சிருந்தாத்தான் இந்த இடத்தில நெஞ்சு இடிக்காது, என்னட்ட இருக்கேல்ல, சீட்டுக் காசைத்தான் எடுத்தனான்.

ஸ்டெப் 7: திருப்பி எடுக்கேக்க

கவுண்டரை விட்டு வெளிக்கிட முதல் பாருங்கோ. 12 மணிக்கு ரெண்டு முள்ளும் நேரா நிக்குதோ, திகதி யன்னலுக்கு நடுவில இருக்குதோ, சாவி சுகமாத் திருகி மூடுதோ, கிளாஸுக்கு உள்பக்கம் தூசி கிடக்கோ. பிரஷர் டெஸ்ட் எத்தினை பாருக்கு (பார் எண்டது அமுக்கத்தை அளக்கிற அலகு) செய்ததெண்டு பேப்பர்ல இருக்கோணும். 10 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1 பார் எண்டு கணக்கு, 300 மீற்றர் வாட்ச்சுக்கு 3 பார்தான் செய்திருக்கு எண்டா அது மழைக்குத் தாங்கும் எண்டதுக்கான டெஸ்ட்தான். கடல்ல குளிக்கிற ஆளெண்டா இந்த டெஸ்டை வருசத்துக்கு ஒருக்கா செய்யுங்கோ, முழு சர்வீஸுக்கு ஒமேகா சொல்லுறது 5ல இருந்து 8 வருசம், ரோலெக்ஸ் 10 வருசம் வரை சொல்லுது. கடல்ல இருந்து வந்த உடன பைப் தண்ணில கழுவுங்கோ, 10 மணிப் பக்கத்துத் திருகியை ஒரு நாளும் திறக்காதேங்கோ, அது ஆழத்தில ஹீலியம் காத்துக்குள்ள நாள்கணக்கா இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு, உங்களுக்கும் எனக்கும் இல்ல.

வீட்ட வந்து முதல் ரெண்டு கிழமையும் திரும்ப ஒருக்கா செக்கன் கணக்கு எழுதுங்கோ, பிழை இருந்தா வாரண்டிக்குள்ள சொல்லலாம். என்ரது இப்ப 45 மணித்தியாலம் ஓடுது, கையில கட்டியிருக்கேக்க நாளுக்கு 5 செக்கன் முன்னுக்கு. இரவில கழட்டி வைக்கிற கோணத்தைப் பொறுத்து அதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம், ஒவ்வொரு வாட்ச்சுக்கும் ஒவ்வொரு மாதிரி, வைச்சு வைச்சுத்தான் பாக்கோணும். என்ரது டயல் கீழ பாக்கக் கிடந்தா இரவுக்குள்ள 3 செக்கன் பின்னுக்கு வருது. அம்மா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி மேசை துடைக்க வந்து, இந்தச் சாமான் ஏன் குப்புறக் கிடக்கு எண்டு நிமித்தி வைச்சிட்டுப் போறா.